12 சட்டைல 3 டேமேஜ், 4 எடுத்தா... பைனாமியல் போட்டா ஏன் தப்பா வருது?

கொருக்குப்பேட்டை பொண்ணு (இரவு 11:40)

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்.சி. ரோட்டுல ஒரு ரெடிமேட் கடைல வேலை பாத்துகினே கரஸ்ல பி.காம் படிக்கிறேன். எல்லா பேப்பரும் கிளியர், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மட்டும் ரெண்டு தடவ புட்டுகிச்சு. கடை சாத்திட்டு வூட்டுக்கு வந்து சாப்ட்டு குந்துறதுக்கே பத்தரை ஆயிடுது, அதுக்கு மேல தான் புக்க தொறக்குறேன், அதனால கேக்குறது லூசுத்தனமா இருந்தா மன்னிச்சிடுங்க.

நிகழ்தகவு பாடத்த தனித்தனியா படிச்சா எல்லாம் புரியுது. கூட்டல் விதி, பெருக்கல் விதி, 12சி4 எப்படி போடணும், எல்லாம் ஓகே. கலந்து கட்டி கணக்கு குடுத்தா தான் பேஜாரு. எங்க கூட்டணும், எங்க பெருக்கணும், எது சேர்வு, எது வரிசை மாற்றம், எது பைனாமியல்னு ஒண்ணுமே வெளங்கல.

நேத்து மாட்டிகினது இது. ஒரு பண்டல்ல 12 சட்டை, அதுல 3 டேமேஜ். பாக்காம 4 எடுத்தா சரியா ஒண்ணு மட்டும் டேமேஜா இருக்க நிகழ்தகவு என்ன? நான் இன்னா பண்ணேன்னா, டேமேஜ் இல்லன்னா நல்லது, ரெண்டே முடிவு தானே, அப்ப பைனாமியல்னு முடிவு பண்ணிட்டேன். பி (ஒரு சட்டை டேமேஜா இருக்க சான்ஸ்) = 3/12 = 1/4, என் (எத்தன தடவ எடுக்கறோம்) = 4. அதனால 4 × 1/4 × 3/4 × 3/4 × 3/4 = 0.42. புக்கு பின்னாடி பாத்தா 28/55ன்னு இருக்குது, அதாவது 0.51. கொஞ்சநஞ்சம் வித்தியாசம்னா ரவுண்டிங்னு விட்டுடலாம், இது எங்கயோ இருக்குது. எங்க தப்பு?

இன்னொரு டவுட்டு, இது சிலபஸ்ல இல்ல. எங்க அத்தை தினம் தாயம் ஆடுவாங்க. பத்து தடவ போட்டும் தாயம் வுழலன்னா "இவ்ளோ நேரம் வுழல, இப்ப வுழுந்தே தீரும் பாரு"ன்னு சொல்றாங்க. இது கணக்குப்படி சரியா?

வியாசை ஸ்ட்ரைக்கர் (இரவு 11:58)

சிஸ்டர் இது சிம்பிள் மேட்டரு. எடுத்தத திருப்பி வெக்கலன்னா வரிசை மாற்றம், திருப்பி வெச்சா சேர்வு. நீ திருப்பி வெக்கல, அதனால 12பி4, அதாவது 12 × 11 × 10 × 9 போடு, ஆன்சர் வந்துடும். தாயம் மேட்டருல அத்தை சொல்றது தான் கரெக்டு, கேரம்லயும் அப்படித்தான், நாலு ஷாட்டு மிஸ் ஆச்சுன்னா அஞ்சாவது உள்ள போயிடும்.

சாக்பீஸ் தாத்தா (காலை 6:10)

ஸ்ட்ரைக்கர் தம்பி, காலைல எழுந்ததும் இத படிச்சு டீ கூட எறங்கல. ரெண்டு வேற வேற கேள்விய ஒரே பைல போட்டு குலுக்கிட்டீங்க. திருப்பி வெக்கறோமா இல்லையாங்கறது ஒரு கேள்வி. வரிசை மாறினா அது வேற முடிவா, இல்ல அதே முடிவாங்கறது தனி கேள்வி. நம்பர் பூட்டு இருக்குல்ல, மூணு சக்கரம், ஒவ்வொண்ணுலயும் 0 முதல் 9 வரை. 471 வெச்ச பூட்டுல 174 போட்டா தொறக்காது, வரிசை முக்கியம். ஆனா 444ன்னும் வெக்கலாம், அதாவது எடுத்த எண்ணையே திரும்ப எடுக்கலாம், அதனால 10 × 10 × 10 = 1000. ஒரே எண் ரெண்டு தடவ வரக்கூடாதுன்னா 10 × 9 × 8 = 720. ரெண்டுலயும் வரிசை உண்டு, திருப்பி வெக்கறது மட்டும் தான் மாறுது.

உங்க கிளப்புல ஆறு பசங்க, டபுள்ஸுக்கு ஒரு ஜோடி வேணும்னா 6சி2, 15. அதே ஆறு பேர்ல ஒரு கேப்டன் ஒரு வைஸ் கேப்டன்னா 6 × 5 = 30. ஜோடில யார மொதல்ல சொன்னாலும் அதே ஜோடி, கேப்டன் பதவில யாரு மேல யாரு கீழன்னு சண்டையே வரும். இங்க ரெண்டுலயுமே ஒரு ஆள திருப்பி எடுக்க முடியாது. வரிசை பாக்காத ஜோடி சேர்வு, வரிசை பாக்கற கேப்டன் பதவி வரிசை மாற்றம், அவ்வளவு தான் வித்தியாசம்.

இப்ப உன் சட்டைக்கு வர்றேன்மா. மொத்தம் 12ல 4 எடுக்குற வழி 12சி4. மேல 12 × 11 × 10 × 9 = 11880, கீழ 24, ஆக 495. சாதகமான வழி எத்தனை? மூணு டேமேஜ்ல ஒண்ணு எடுக்க 3 வழி, ஒன்பது நல்ல சட்டைல மூணு எடுக்க 9சி3 = 84. டேமேஜையும் எடுக்கணும் நல்லதையும் எடுக்கணும், "யும்" வந்துடுச்சு, அதனால பெருக்கு. 252. 252/495 சுருக்குனா 28/55.

பைனாமியல் ஏன் ஒத்து வரலன்னா, மொத சட்டைய எடுத்தப்போ பண்டல்ல 12 இருந்துது. ரெண்டாவது தடவ கை உள்ள போகும்போது 11 தான் இருக்கு. மொதல்ல வந்தது டேமேஜ்னா மீதி 11ல 2 டேமேஜ், நல்லதுன்னா 11ல 3 டேமேஜ். அதாவது மொத சட்டை என்ன ஆச்சுங்கற சேதி ரெண்டாவது சட்டைக்கு போயிடுது. பைனாமியல்ல ஒரு முயற்சி சேதி இன்னொரு முயற்சிக்கு போகவே கூடாது. எத்தன தடவன்னு முன்கூட்டியே முடிவாகணும், ஒவ்வொண்ணுலயும் வெற்றி தோல்வின்னு ரெண்டே முடிவு இருக்கணும், பி ஒரே மாதிரி இருக்கணும், இதெல்லாம் பசங்க கடகடன்னு ஒப்பிச்சிடுவாங்க. ஒண்ணையொண்ணு சாராம இருக்கணுங்கறது தான் வாயில வரும், கணக்கு போடும்போது மறந்துடும். முப்பது வருஷமா நான் சிவப்பு மையில வட்டம் போட்டதுல பாதி இந்த எடம் தான்.

தாயம் பத்தி சாயந்தரம் எழுதறேன், இப்ப பால் வாங்க போகணும்.

கொருக்குப்பேட்டை பொண்ணு (மதியம் 2:25)

ரொம்ப தேங்க்ஸ் தாத்தா. சாப்பாட்டு டைம்ல ஸ்டாக் ரூம்ல குந்திகினு போட்டு பாத்தேன். ஆனா ஒண்ணு. ஸ்ட்ரைக்கர் அண்ணா சொன்ன மாதிரி வரிசையோட போட்டாலும் அதே தான் வருது? மொத சட்டை டேமேஜ், மீதி மூணு நல்லதுன்னா 3 × 9 × 8 × 7 = 1512. டேமேஜு ஒண்ணாவதாவும் வரலாம் ரெண்டாவதாவும் வரலாம், மொத்தம் நாலு எடம், அதனால 6048. கீழ 11880. வகுத்தா 0.509. அப்ப அண்ணா சொன்னது சரி தானா, தப்பா?

வியாசை ஸ்ட்ரைக்கர் (மதியம் 2:31)

பாத்தியா பாத்தியா. தாத்தா இன்னா சொல்றாரு இப்ப.

சாக்பீஸ் தாத்தா (மாலை 5:15)

ஆன்சர் சரி, காரணம் தப்பு. மார்க் போட்டா அரை மார்க். மேல வரிசையோட எண்ணினா கீழயும் வரிசையோட எண்ணணும், மேல வரிசை இல்லாம எண்ணினா கீழயும் அப்படியே. ரெண்டுலயும் 24 மடங்கு கூடுது, வகுக்கும்போது அடிபட்டு போயிடுது. மேல ஒரு மாதிரி கீழ ஒரு மாதிரி போட்டா தான் வம்பு, ஒண்ணுக்கு மேல நிகழ்தகவு வந்து நிக்கும். அந்தப் பொண்ணு நாலால பெருக்கினா பாருங்க, அந்த எடத்த தான் முக்காவாசி பேர் விட்டுடுவாங்க.

அந்த நாலு தான்மா பைனாமியல் சூத்திரத்துல முன்னாடி நிக்கற என்சிஆர். தாயக்கட்டை நாலு தடவ உருட்டி சரியா ரெண்டு தாயம் வேணும்னு வெச்சுக்கோ. தாயம், தாயம், இல்ல, இல்லன்னு வர்றதுக்கு 1/8 × 1/8 × 7/8 × 7/8. ஆனா அந்த ரெண்டு தாயம் எந்த ரெண்டு உருட்டல்ல வேணும்னாலும் விழலாம், 4சி2 = 6 விதம். ஆறும் ஒரே அளவு, ஒண்ணு நடந்தா இன்னொண்ணு நடக்காது, அதனால கூட்டலாம், ஆறு தடவ கூட்டறதுக்கு பதிலா ஆறால பெருக்கறோம். 0.07 சொச்சம் வரும். பெருக்கல் விதி, கூட்டல் விதி, சேர்வு மூணும் அந்த ஒரு சூத்திரத்துக்குள்ள குடித்தனம் பண்ணுது. அத மனப்பாடம் பண்ணாத, பிரிச்சு பாரு.

1/8 எங்கேர்ந்து வந்துதுன்னு கேப்ப. ஒவ்வொரு பித்தளைக் கட்டைலயும் நாலு முகம், 1, 2, 3, ஒண்ணு வெறுமை. ரெண்டு கட்டைக்கு 16 முடிவு. தாயம்னா கூட்டுத்தொகை ஒண்ணு, அதுக்கு ஒரு கட்டைல 1, இன்னொண்ணுல வெறுமை. ரெண்டு விதம். 2/16.

உங்க அத்தை மேட்டருக்கு, கட்டைக்கு ஞாபக சக்தி கிடையாது. பத்து தடவ விழாம போறதுக்கே நிகழ்தகவு 7/8ஐ பத்து தடவ பெருக்கினா 0.26, நாலு தடவ ஆடினா ஒரு தடவ அப்படி ஆகும், அதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. பதினோராவது உருட்டலுக்கும் அதே 1/8 தான். ஆனா அத்தைய திட்டாத, இந்தப் பாடமே சூதாட்டத்துல தான் பொறந்துது. 1654ல பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கிட்டது சூதாட்டக் கேள்வியால தான். கேட்டவர் தெ மேரேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர். ஒரு பகடைய நாலு தடவ போட்டா குறைந்தபட்சம் ஒரு ஆறு விழும்னு பந்தயம் கட்டினா லாபம், ரெண்டு பகடைய 24 தடவ போட்டு குறைந்தபட்சம் ஒரு ஜோடி ஆறு விழும்னு கட்டினா நஷ்டம். மொதலுது 0.518, ரெண்டாவது 0.491. ரெண்டும் ஒண்ணு போலத்தான் தோணும், 4க்கு 6, 24க்கு 36. போட்டு பாரு, "ஒண்ணு கூட விழாம" இருக்கறத கண்டுபிடிச்சு ஒண்ணுலேர்ந்து கழி.

விம்கோ நகர் கியூ.சி. (இரவு 8:02)

நான் மணலி பக்கம் ஒரு கம்பெனில குவாலிட்டி செக்கிங்ல இருக்கேன், எங்களுக்கு இது தினப்படி சோறு. தாத்தா சொன்னதுல ஒண்ணு சேக்கணும். பைனாமியல் இங்க தப்புன்றதுக்கு சூத்திரமே வேணாம். சரியா 4ம் டேமேஜா வர்றதுக்கு உன் பைனாமியல் இன்னா சொல்லுதுன்னு போட்டு பாரு, 1/4ஐ நாலு தடவ பெருக்கு, 256ல ஒண்ணு. பண்டல்ல இருக்கறதே மூணு டேமேஜ் தானேம்மா, நாலாவது டேமேஜ் எங்கேர்ந்து வரும், பக்கத்து கடைலேர்ந்தா?

ஆனா பைனாமியல தூக்கி போட்டுடாத. 12க்கு பதிலா குடோன்ல 1200 சட்டை, அதுல 300 டேமேஜ், நீ எடுக்கறது அதே நாலு தான்னு வை. சரியான முறைல போட்டா 0.4226 வருது, பைனாமியல்ல 0.4219. எவன் கண்டுபிடிக்கப் போறான். நாலு எடுத்தா கடல்ல ஒரு குடம் தண்ணி மொண்ட மாதிரி, மீதி அப்படியே இருக்கும். எடுக்கறது மொத்தத்துல இருபதுல ஒரு பங்குக்குள்ள இருந்தா பைனாமியல் போட்டுக்கலாம்னு ஒரு கைக்கணக்கு உண்டு. உன் பண்டல்ல நீ மூணுல ஒரு பங்கையே எடுத்துட்ட.

பரீட்சைல "குறைந்தபட்சம்"னு வார்த்தை வந்தா உஷாராயிடு. குறைந்தபட்சம் ஒண்ணு டேமேஜ்னா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தனித்தனியா போட்டு கூட்டாத. ஒண்ணு கூட டேமேஜ் இல்லன்றது 9சி4 = 126, 495ல 126. ஒண்ணுலேர்ந்து கழிச்சா 369/495. முடிஞ்சுது. அதே "குறைந்தபட்சம் ரெண்டு"ன்னா பூஜ்யத்தையும் ஒண்ணையும் கழிக்கணும், பூஜ்யத்த மட்டும் கழிச்சுட்டு எங்க ட்ரெய்னி பையன் போன வாரம் ரிப்போர்ட் குடுத்தான், வாங்கி கட்டிகினான்.

வியாசை ஸ்ட்ரைக்கர் (இரவு 8:20)

சரி நைனா, தோத்துட்டேன். ஆனா பெருக்கல் விதில "நிபந்தனை நிகழ்தகவு"ன்னு ஒண்ணு வருதே, அத நான் சொல்றேன், இது கேரம் ஆடுறவனுக்கு ரத்தத்துல கீது. ரெட்ட போட்டா மட்டும் பாயிண்ட் கெடையாது, ஃபாலோ போடணும். ரெட் உள்ள போவ சான்ஸ் 0.6, ரெட் போன பிறகு ஃபாலோ விழ சான்ஸ் 0.5ன்னா, ரெட் நம்ம கணக்குல ஏற 0.6 × 0.5 = 0.3. அந்த 0.5 சும்மா ஒரு காயின் போடற சான்ஸ் இல்ல, ரெட் போன பிறகு ஸ்ட்ரைக்கர் எங்க நிக்குது, காயின் எங்க கெடக்குதுன்றத பாத்து வர்ற சான்ஸு. அதான் நிபந்தனை. நம்ம செரியன் நகர் காசிமாவுக்குனா அது ஒண்ணு கிட்ட வந்துடும், 2024ல அமெரிக்கா போயி உலகக் கோப்பைல மூணு தங்கம் தூக்கினு வந்த பொண்ணு. நமக்கெல்லாம் 0.5ஏ ஜாஸ்தி.

சும்மா எட்டிப்பாத்தவன் (இரவு 9:47)

எல்லாரும் நல்லா சொல்றீங்க, ரெண்டு எடத்துல கல்லு தட்டுது. "அடுத்த சட்டைக்கு பி மாறிடுது, அதனால பைனாமியல் இல்ல"ன்னு நெறைய பேர் எழுதுவாங்க, தாத்தா அப்படி சொல்லல, ஆனா படிக்கறவங்க அப்படி தான் எடுத்துக்குவாங்க. மொத சட்டை என்னன்னு பாக்காம மூடி வெச்சுட்டு ரெண்டாவது டேமேஜான்னு கேட்டா, 3/12 × 2/11 கூட 9/12 × 3/11. கூட்டினா 33/132, மறுபடி 1/4 தான். பி மாறல. சாராத்தன்மை தான் போச்சு. சராசரியும் ரெண்டு முறைலயும் ஒண்ணே தான், நாலு சட்டைல ஒண்ணு. திருப்பி வெக்காம எடுத்தா எண்ணிக்கை அந்த ஒண்ண சுத்தியே நிக்கும், ரொம்ப தூரம் ஓடாது, அதனால தான் 0.42 இல்லாம 0.51. பரவற்படி (வேரியன்ஸ், எண்ணிக்கை எவ்ளோ செதறுதுன்ற அளவு) பைனாமியலோட 8/11 பங்கு தான்.

ரெண்டாவது, ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சியும் சாரா நிகழ்ச்சியும் ஒண்ணுன்னு நெனச்சுடாதீங்க. ரெண்டும் நடக்கக்கூடிய நிகழ்ச்சிகள்னா, ஒண்ணு நடந்தா இன்னொண்ணு நடக்கவே நடக்காதுன்றது தான் இருக்கறதுலயே பெரிய சார்பு. விலக்கினா நேரா கூட்டு. சாராம இருந்தா நேரா பெருக்கு. ரெண்டும் இல்லன்னா, ரெண்டுலயும் வர்றத ஒரு தடவ கழிக்கணும். கடைல 40 சட்டை, 15 நீலம், 10 ஃபுல் ஹேண்ட், 4 ரெண்டும்னா, நீலமோ ஃபுல் ஹேண்டோ 25 இல்ல, 21. அந்த நாலு சட்டைய ரெண்டு தடவ பில் போட்டா ஓனர் விடுவாரா?

தாயத்துலயும் ஒரு கொக்கி இருக்கு. 1, 5, 6, 12 (ரெண்டு கட்டையும் வெறுமைன்னா அது 12) விழுந்தா இன்னொரு உருட்டு உண்டு. அதனால "அத்தைக்கு ஒரு ஆட்டத்துல எத்தன தாயம் விழும்"னு கேட்டா அது பைனாமியல் இல்ல, எத்தன தடவ உருட்டுவாங்கன்றதே முன்கூட்டி தெரியாது. "8 உருட்டல்ல எத்தன தாயம்"னு கேட்டா தான் பைனாமியல். எட்டுல ஒண்ணுன்றதால எட்டு உருட்டினா ஒண்ணு கட்டாயம் வரும்னு நெனப்போம். ஒண்ணு கூட வராம இருக்க 0.34, சரியா ஒண்ணு வர 0.39.

சாக்பீஸ் தாத்தா (இரவு 10:05)

எட்டிப்பாத்தவர் உள்ளேயே வந்து உக்காரலாம். விலக்கற நிகழ்ச்சிய சாரா நிகழ்ச்சின்னு நெனக்கறது, சரியா சொன்னீங்க, அது இன்னொரு சிவப்பு மை.

சோழில ஆடறவங்க யாராச்சும் இருந்தா, ஆறு சோழி போட்டு எத்தன மல்லாந்து விழுதுன்னு எண்ணுங்க, அது அச்சு அசல் பைனாமியல். பி பாதின்னு வெச்சா, பூஜ்யம் முதல் ஆறு வரை மல்லாந்து விழ வரிசையா 64ல 1, 6, 15, 20, 15, 6, 1. பாஸ்கல் முக்கோணத்தோட வரி. நம்ம நாட்டுல பத்தாம் நூற்றாண்டுலயே ஹலாயுதர் இத மேரு பிரஸ்தாரம்னு எழுதி வெச்சிருக்கார், செய்யுள்ல குறில் நெடில் எண்றதுக்கு. ஆனா சோழி நாணயம் மாதிரி இல்ல, ஒரு பக்கம் வழவழன்னு வளைஞ்சும் இன்னொரு பக்கம் வாய் பொளந்தும் இருக்கும், பி பாதின்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. நூறு தடவ போட்டு எண்ணி தான் பாக்கணும்.

கொருக்குப்பேட்டை பொண்ணு (இரவு 11:52)

எல்லாருக்கும் தேங்க்ஸ், நோட்டுல எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டேன். அந்த 256ல ஒண்ணு மேட்டரு தான் மண்டைல நச்சுனு ஏறிச்சு. இன்னும் நாலு கணக்கு போட்டேன், மூணு சரி. 10 கேள்வி, நாலு நாலு ஆப்ஷன், கண்ண மூடி டிக் அடிச்சா குறைந்தபட்சம் அஞ்சு கரெக்டா வர சான்ஸ் கேட்டிருந்தான், 0.078. அப்ப கெஸ் பண்ணி பாஸ் ஆகுற பிளான் கேன்சல்.

அத்தை கிட்ட 1/8 கதைய சொன்னேன். "எட்டுக்கு ஒண்ணுன்னா பதினாறுக்கு ரெண்டு, போடு பாக்கலாம்"னாங்க. போட்டேன். பதினாறு தடவையும் தாயம் வரல. சிரிச்சிகினே வெத்தலய மடிச்சு வாயில போட்டுகினாங்க.

விம்கோ நகர் கியூ.சி. (இரவு 11:59)

7/8ஐ பதினாறு தடவ பெருக்கினா 0.118. கிட்டத்தட்ட ஒரு தாயம் விழுற சான்ஸு தான் அது. ஆனா கட்டைய ஒரு தடவ செக் பண்ணு, பழைய கட்டைன்னா ஓரம் தேஞ்சு ஒரே பக்கமா உக்காரும்.

கொருக்குப்பேட்டை பொண்ணு (இரவு 12:06)

எங்க ஆயா காலத்து கட்டை ணா. ஒண்ணுல ஒரு ஓரம் மழமழன்னு தான் கீது. ஆனா அத்தைக்கு மட்டும் அதுல எப்படி வுழுது?

வியாசை ஸ்ட்ரைக்கர் (இரவு 12:09)

அத்தைய நம்ம கிளப்புக்கு கூட்டினு வா சிஸ்டர், நான் பேசிக்கிறேன்.